கைகளை எண்ணினார்கள், தலைகளை எண்ணவில்லை

திருவல்லிக்கேணி நடைபாதையில் பல வருடங்களுக்கு முன் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. வில்லியம் கோல்டிங் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்'. எனக்கு முன் அதை வைத்திருந்தவர் ஆங்கில இலக்கிய மாணவராக இருக்க வேண்டும். உள்ளட்டையில் பென்சிலால் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். ரால்ஃப் – ஜனநாயகம். ஜாக் – காட்டுமிராண்டித்தனம். பிக்கி – அறிவு. சைமன் – ஆன்மிகம். சங்கு – சட்டம். கீழே இரண்டு கோடு இழுத்து 'முக்கியம், 10 மார்க்' என்றும் எழுதியிருக்கிறார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். எனக்கும் இதே பட்டியலைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் எழுதி மார்க் வாங்கியவன்தான்.

பட்டியலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதன் அடியிலிருந்து ஒரு நீதியும் முளைத்துவிட்டது. பெரியவர்களும் போலீஸும் இல்லாத இடத்தில் மனிதன் மிருகமாகிவிடுவான், ஜனநாயகம் நல்ல பிள்ளைகளின் சோனிக் கனவு, அதைக் கொன்றுபோட நம் ரத்தத்திலேயே ஒரு மிருகம் காத்திருக்கிறது என்கிற நீதி. அதற்கு அடுத்த படியில் நிற்பவர்களையும் கேட்டிருக்கிறேன். 'இதனால்தான் சார், ஜனங்களை விட்டுப்பிடிக்கக் கூடாது என்கிறோம்' என்பார்கள். ஒரு விடுதிக் காப்பாளர் என்னிடம் இந்த நாவலையே சாட்சிக்கு இழுத்து, இரவு 8 மணிக்கு மேல் கேட்டைப் பூட்டுவதை நியாயப்படுத்தினார். நாவலைப் படித்தீர்களா என்று கேட்டேன். படம் பார்த்தேன் என்றார்.

படித்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது என்பது என் வாதம். இந்த நாவலில் காட்டுமிராண்டித்தனம் ஜனநாயகத்தை வெளியிலிருந்து வந்து தாக்கவில்லை. முதல் நாளிலேயே, தேர்தல் முடிந்த சில நிமிடங்களில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவனே அதற்கு ஒரு பதவி கொடுத்து உட்கார வைத்தான். அந்தத் தீவில் தோற்றது ஜனநாயகம் அல்ல, கணக்கு. தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு. தலைகளை எண்ணுவதும் கணக்கு, செய்ததற்குப் பதில் சொல்வதும் கணக்கு. தீவில் இரண்டுமே நடக்கவில்லை.

கதை மறந்தவர்களுக்காக நாலு வரி. போர்க்காலம், அணுகுண்டு பற்றிய பேச்சும் வருகிறது. ஆங்கிலேயச் சிறுவர்களை ஏற்றிச் சென்ற விமானம் சுடப்பட்டு, வெப்பமண்டலத் தீவொன்றில் விழுகிறது. பெரியவர்கள் யாரும் இல்லை. ஆறு வயதுக் குழந்தைகளிலிருந்து பன்னிரண்டு வயதுப் பையன்கள்வரை இருக்கிறார்கள். ரால்ஃப் சங்கு ஊதிக் கூட்டுகிறான், தலைவனாகிறான். ஜாக் பிரிந்துபோய் வேட்டைக் கூட்டம் அமைக்கிறான். கொலைகள் நடக்கின்றன. கடைசியில் கடற்படைக் கப்பல் வருகிறது. 1954இல் வெளிவந்தது. ஆங்கிலச் சிறுவர்கள் தீவில் சமர்த்தாகக் குடித்தனம் நடத்தும் 'தி கோரல் ஐலண்ட்' என்ற 19ஆம் நூற்றாண்டு சாகசக் கதைக்கு நேரெதிராக கோல்டிங் இதை எழுதினார். ரால்ஃப், ஜாக் என்ற பெயர்களைக்கூட அங்கிருந்துதான் எடுத்தார்.

இனி, காட்டுமிராண்டி என்ற சொல்லுக்கு வருவோம். அந்தச் சொல் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது, காட்டைக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. இந்த நாவலில் காடு செய்த குற்றம் என்ன? பழம் தந்தது. நிழல் தந்தது. சைமன் போய்த் தனியாக உட்கார இலைகளால் மறைந்த ஒரு மூலை தந்தது. கொடுமை அங்கிருந்து கிளம்பவில்லை. அது கடற்கரை வழியாக, இரண்டிரண்டு பேராக, சீருடையில் நடந்து வந்தது.

அந்த வருகையை நிதானமாகப் பார்க்க வேண்டும். சங்கொலி கேட்டுச் சிறுவர்கள் அங்கொருவர் இங்கொருவராக ஓடி வந்துகொண்டிருக்கிறார்கள். சிலர் உடம்பில் துணியே இல்லை. அப்போது தூரத்தில் மணல்மேல் கருப்பாக ஏதோ ஒன்று நகர்கிறது. ஒரே உயிரினம்போலத் தெரிகிறது. கிட்டே வந்தபின் பார்த்தால் தேவாலயப் பாடகர் குழு, கொயர். கொளுத்தும் வெயிலில் கணுக்கால்வரை கருப்பு அங்கி. நெஞ்சில் வெள்ளிச் சிலுவை. தலையில் சதுரத் தொப்பி. முன்னால் நடப்பவன் ஜாக். மேடையை நெருங்கியதும் குழுவை நிறுத்துகிறான். வியர்த்து வழிந்தபடி நிற்கும் பையன்கள் உட்காரலாமா என்று கெஞ்சினால்கூட அனுமதி இல்லை. வரிசையிலேயே ஒருவன் மயங்கி மணலில் முகம்குப்புற விழுகிறான். அவன் பெயர் சைமன். அவன் எப்போதுமே இப்படி விழுகிறவன்தான் என்று ஜாக் சலித்துக்கொள்கிறான்.

இந்த ஜாக்கைத்தான் காட்டுமிராண்டித்தனத்தின் உருவம் என்கிறோம். விமானம் விழுந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. காடு அவனைத் தொடவே இல்லை. அவனிடம் இருந்த அதிகாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் கொடுத்தது. தானே தலைவனாக வேண்டும் என்பதற்கு அவன் சொல்லும் தகுதியைப் பாருங்கள்: தான் கொயரின் தலைமைப் பாடகன், மாணவர் தலைவன், மேல் ஸ்தாயியில் இன்ன சுரம் வரை பாடத் தெரியும். பிற்பாடு சட்டதிட்டம் வேண்டும், மீறுகிறவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்று உற்சாகமாகப் பேசுவதும் அவன்தான். நாம் ஆங்கிலேயர்கள், காட்டுமிராண்டிகள் அல்ல, எதிலும் நாம்தான் முதல் என்று மார்தட்டுகிறவன் ரால்ஃப் அல்ல, பிக்கி அல்ல, ஜாக். 10 மார்க் பட்டியலில் இதற்கு இடமே கிடையாது.

தேர்தலிலும் பட்டியல் உடைகிறது. ஓட்டுப் போடலாம் என்று முதலில் சொல்கிறவன் யார் தெரியுமா? ரோஜர். பிறகு பாறையை உருட்டி பிக்கியைக் கொல்லப்போகிற அதே ரோஜர். ஜனநாயகத்தை முன்மொழிந்தவனும் அதன் கொலையாளியும் ஒரே ஆள் என்று கோல்டிங் போகிற போக்கில் எழுதிவைத்திருக்கிறார். வகுப்பில் யாராவது இதைச் சுட்டிக்காட்டி நான் கேட்டதில்லை.

ஓட்டெடுப்பில் கொயர் ஜாக்குக்குக் கை தூக்குகிறது, உற்சாகமே இல்லாமல், பழக்கத்துக்கு. மற்றவர்கள் ரால்ஃபுக்குத் தூக்குகிறார்கள். பிக்கி மட்டும் மனசில்லாமல், கடைசியில். ரால்ஃப் கைகளை எண்ணுகிறான், தலைவனாகிறான். அடுத்து நடப்பதுதான் என் வழக்கின் முதல் சாட்சியம். தோற்ற ஜாக்கின் முகம் சிவந்துபோகிறது. ரால்ஃபுக்குச் சங்கடம். ஏதாவது கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டும். கொயர் உன்னுடையதுதான் என்கிறான். அவர்களை என்னவாக வைத்துக்கொள்ளப் போகிறாய் என்று ஜாக்கையே கேட்கிறான். ராணுவமாக இருக்கலாமே என்று ஒரு குரல் எழுகிறது. வேட்டைக்காரர்கள் என்று ஜாக் முடிக்கிறான். விஷயம் தீர்ந்தது.

அந்தத் தீவில் ஆயுதம் ஏந்தப்போகும் ஒரே படை அது. அதைத் தேர்தலில் தோற்றவனுக்கு, அவன் கேட்ட பெயரில், நிபந்தனை ஏதுமின்றி ரால்ஃப் தானம் செய்தான். சபைக்கு அந்தப் படை என்ன கணக்குக் காட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நம்மூரில் பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்றவரை ஆறுதல்படுத்த ஊர்க்காவலை அவர் கையில் கொடுத்தால் சிரிப்போம். நாவலில் அது நடந்தால் 'பெருந்தன்மையான ஜனநாயகத் தலைவன்' என்று குறிப்பெழுதுகிறோம்.

கோல்டிங் இதை எழுதிய காலத்தை மறக்கக் கூடாது. உலகப் போரில் கடற்படையில் பணியாற்றித் திரும்பிய பள்ளி ஆசிரியர் அவர். ஜெர்மனியில் நடந்ததை அந்தத் தலைமுறைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்த வாக்கு 33 சதவீதம். அதற்கு முந்தைய ஜூலைத் தேர்தலைவிடக் குறைவு. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லரை சான்சலராக நியமித்தவர் ஜனாதிபதி ஹிண்டன்பர்க். அந்த ஆளை ஆட்சிக்குள் வைத்தால் கட்டுப்படுத்திவிடலாம் என்று கணக்குப் போட்ட பழமைவாதிகள் அதற்குத் தரகு பார்த்தார்கள். ஜெர்மனியில் பாதிப் பேர்கூடச் சுதந்திரமான தேர்தலில் அவருக்கு வாக்களித்ததில்லை. கதவைத் திறந்துவிட்டது மேலே இருந்தவர்கள். ரால்ஃப் ஹிண்டன்பர்க் என்று சொல்லவில்லை, அது இன்னொரு 10 மார்க் பட்டியலாகிவிடும். மக்கள் கொடுங்கோலனைத்தான் விரும்புவார்கள் என்ற பாடத்தை அந்த வரலாறும் சொல்லவில்லை, இந்த நாவலும் சொல்லவில்லை என்பதே நான் சொல்வது.

நாவல் சொல்வது இதற்கு நேரெதிர். ஜாக் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை தோற்கிறான். எட்டாவது அத்தியாயத்தில், மலையுச்சியில் ஏதோ பூதம் இருக்கிறது என்ற பீதி உச்சத்தில் இருக்கும்போது, அவனே சங்கை ஊதிக் கூட்டம் போடுகிறான். ரால்ஃபைக் கோழை என்கிறான். ரால்ஃப் தலைவனாக இருக்க வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்கிறான். ஒரு கை எழவில்லை. அவனுடைய சொந்த வேட்டைக்காரர்களின் கைகூட. மறுபடி கேட்கிறான். மறுபடியும் மௌனம். கண்ணில் நீர் முட்ட, இனி உங்களோடு விளையாட மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குள் போகிறான். ஜனநாயகத்துக்கு இதைவிடத் தெளிவான வெற்றி எந்த ஊரில் கிடைத்திருக்கிறது?

ஆனால் கூட்டம் கலைந்தபின் பெரிய பையன்கள் ஒவ்வொருவராக நழுவி ஜாக்கிடம் போய்ச் சேர்கிறார்கள். ரத்தத்தில் ஊறிய மிருகம் கூப்பிட்டதா? அதைவிட எளிய விடை இருக்கிறது. அங்கே கறி கிடைத்தது. இங்கே பழமும் வயிற்றுப்போக்கும். அங்கே பூதத்துக்கு ஒரு வழி சொன்னார்கள், அதைக் கொல்வோம் அல்லது அதற்குப் படையல் வைப்போம் என்று. இங்கே பூதமே இல்லை என்று அதட்டினார்கள். சபை மட்டும் இருந்து, சோறும் இல்லை, பயத்துக்கு மருந்தும் இல்லை என்றால் ஜனங்கள் சபையை எதிர்த்து ஓட்டுப் போட மாட்டார்கள். சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவார்கள். அதை மனித இயல்பின் இருட்டு என்று தத்துவமாக்குவது, ஆட்சி நடத்தத் தெரியாதவனுக்கு நாம் செய்யும் வக்காலத்து.

ரால்ஃபின் ஆட்சியில் என்னதான் நடந்தது? பேச்சு. சங்கு வைத்திருப்பவன் பேசலாம் என்ற விதி அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சபை முடிவெடுக்கும், கைதட்டும், கலைந்துபோகும். குடிசை கட்ட வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். மூன்றாவது குடிசையைக் கட்டும்போது மிஞ்சியிருப்பது ரால்ஃபும் சைமனும்தான். யார் எந்த வேலை, செய்யாவிட்டால் யார் கேட்பது என்று ஒரு முறை கிடையாது. சமையலறையில் இன்றைக்குப் பாத்திரம் யார் துலக்குவது என்று சுவரில் சீட்டு ஒட்டி வைக்கும் நான்கு பேச்சிலர்கள் அந்தத் தீவைவிட நல்ல அரசாங்கம் நடத்துகிறார்கள்.

தலைவன் சங்கடத்தில் என்ன செய்வான் என்பதற்கு ஐந்தாவது அத்தியாயம். சிறுவர்கள் இரவில் அலறுகிறார்கள். ரால்ஃப் அந்தி மயங்கும் நேரத்தில் சபையைக் கூட்டுகிறான். தண்ணீர் நிரப்ப வேண்டிய தேங்காய்ச் சிரட்டைகள், குடிசைகள், கழிப்பிடமாகக் குறித்த பாறைகளை விட்டுவிட்டு எங்கு வேண்டுமானாலும் போவது, அணையக் கூடாத நெருப்பு, எல்லாம் பேசுகிறான். நல்ல பட்டியல். பிறகு பயம் என்ற பேச்சு வருகிறது. ரால்ஃபுக்கு அதைக் கையாளத் தெரியவில்லை. பேய் உண்டா இல்லையா என்று கைதூக்கச் சொல்லி ஓட்டெடுப்பு நடத்துகிறான்! இருட்டில் எத்தனை கை எழுந்தது என்று சரியாகத் தெரியக்கூட இல்லை, நிறைய என்பது மட்டும் தெரிகிறது. பேய் ஜெயித்தது. முடிவெடுக்க வேண்டிய விஷயத்துக்கும் விசாரித்து அறிய வேண்டிய விஷயத்துக்கும் வித்தியாசம் தெரியாத சபை அது. பிறகு கடைசிவரை விசாரித்து அறிந்தவன் சைமன் ஒருவன்தான். மலையேறிப் பார்த்து, பூதம் என்பது பாராசூட்டில் சிக்கிய ஒரு போர்வீரனின் பிணம் என்று கண்டுபிடித்தவன் அவன். அந்தச் செய்தியோடு இறங்கி வந்தபோதுதான் அவனைக் கொன்றார்கள்.

கொன்ற வட்டத்தில் ரால்ஃபும் பிக்கியும் இருந்தார்கள். அன்றிரவு ஜாக்கின் விருந்துக்குப் போய்க் கறி தின்று, இடி மின்னலுக்கு நடுவே அந்த ஆட்டத்தில் சேர்ந்துகொண்டவர்கள். மறுநாள் காலை, அது கொலை என்று ரால்ஃப் முனகுகிறான். விபத்து என்று பிக்கி சாதிக்கிறான். நாங்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டோம் என்று இரட்டையர்கள் சாமும் எரிக்கும் சொல்கிறார்கள். எல்லோரும் அந்தப் பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அறிவு என்று பட்டியலில் பெயர் வாங்கியவன்தான் அந்தப் பொய்யை முதலில் தைக்கிறான். ஜனநாயகம் ஒரு பக்கம், காட்டுமிராண்டித்தனம் மறு பக்கம் என்று கோடு போட இந்தக் காலைக்குப் பிறகு யாருக்கு மனசு வரும்?

எதிர்த்தரப்புக்கு நல்ல ஆதாரம் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். நான்காம் அத்தியாயத்தில் ரோஜர் மறைந்திருந்து ஹென்றி என்ற குட்டிப் பையனைச் சுற்றிக் கல்லெறிகிறான். ஆனால் அவனைச் சுற்றிச் சில கெஜ தூரத்துக்குள் ஒரு கல்லும் விழாதபடி எறிகிறான். அப்பா அம்மா, பள்ளி, போலீஸ், சட்டம் எல்லாம் சேர்ந்து அந்தக் கையை இன்னும் பிடித்திருக்கின்றன என்று கோல்டிங் வெளிப்படையாகவே எழுதுகிறார். ஆக, நாகரிகம்தான் கடிவாளம், அது அறுந்தால் ரோஜர் கொலைகாரன் என்று முடித்துவிடலாம்.

முடிக்க வேண்டாம், பத்தாம் அத்தியாயத்துக்கு வாருங்கள். ஜாக்கின் கோட்டைப் பாறை. ரோஜர் அங்கே வந்து சேர்கிறான். காவலுக்கு நிற்கும் பையன், வில்ஃப்ரெட்டைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள், தலைவர் அடிக்கப் போகிறார் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். எதற்கு என்று ரோஜர் கேட்கிறான். தெரியாது, தலைவருக்குக் கோபம் என்கிறான் அவன். ரோஜர் அந்தச் செய்தியை மனதில் போட்டு யோசிக்கிறான். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லாத அதிகாரத்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. பாறை உருண்டது அதற்குப் பிறகுதான். அதிகாரம் இல்லாததால் ரோஜரின் கை அவிழவில்லை. கணக்குச் சொல்லத் தேவையில்லாத அதிகாரம் ஒன்று அவனுக்குக் கிடைத்ததால் அவிழ்ந்தது. கேட்டைப் பூட்டும் காப்பாளர்கள் இந்த ஒரு பக்கத்தையாவது படிக்க வேண்டும்.

சரி, ஆசிரியரே வேறு மாதிரி சொல்லியிருக்கிறாரே? சொல்லியிருக்கிறார். சமூகத்தின் கோளாறுகளை மனித இயல்பின் கோளாறுகளில் தேடிப் பார்த்ததாகவும், சமூக அமைப்பைச் சரிசெய்தால் மனிதனும் சரியாகிவிடுவான் என்ற போருக்கு முந்தைய நம்பிக்கை தன்னைவிட்டுப் போய்விட்டதாகவும் கோல்டிங் பேசியும் எழுதியும் இருக்கிறார். மதிக்கிறேன். ஆனால் சொற்பொழிவில் தத்துவம் பேசியவர் ஒருவர், நாவலில் கொயரை மணலில் நிறுத்திவைத்தவர் இன்னொருவர். இரண்டாமவர் சால்ஸ்பரியில் பையன்களுக்குப் பாடம் நடத்தியவர். சட்டாம்பிள்ளைத்தனம் எப்படி விளைகிறது, கூட்டாகச் சிரிப்பதில் என்ன ஒட்டுப்பசை இருக்கிறது, குண்டுப் பையனின் பேச்சு ஏன் சபையில் ஏறுவதில்லை என்பதெல்லாம் அவருக்கு வகுப்பறையில் பார்த்த பார்வை. அந்தப் பார்வை எழுதியதை அவருடைய தத்துவத்தால் அழிக்க முடியவில்லை.

இந்த நாவலைப் பொய்யென்று நிரூபிக்கப் புறப்பட்டவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. டோங்கா நாட்டுப் பையன்கள் ஆறு பேர் 1965இல் படகோடு அடித்துச் செல்லப்பட்டு அட்டா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். சுமார் 15 மாதம் கழித்து பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்பல் தலைவர் அவர்களை மீட்டார். இரண்டிரண்டு பேராக முறை வைத்து வேலை பார்த்தார்கள், நெருப்பை அணையவிடவில்லை, காலொடிந்த நண்பனுக்குக் கட்டுப்போட்டுக் குணப்படுத்தினார்கள். டச்சு எழுத்தாளர் ருட்கர் பிரெக்மன் 2020இல் இதை எழுதியபின் 'பார்த்தீர்களா, மனிதன் நல்லவன், கோல்டிங் புளுகினார்' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. மனம் நெகிழும் கதைதான். ஆனால் அவர்கள் ஆறு பேர், முன்பே சிநேகிதர்கள், ஒரே பள்ளி. ஒருவரையொருவர் எண்ணத் தேவையே இல்லாத எண்ணிக்கை. அட்டாவின் கதையில் எனக்குத் தெரிவது மனிதனின் நல்ல இயல்பு அல்ல, யாருக்கு எந்த வேலை என்ற அந்த முறை. கோல்டிங்கின் தீவில் இல்லாதது அதுதான். மனிதன் இயல்பிலே நல்லவனா கெட்டவனா என்ற பட்டிமன்றத்தை நடுவரோடு சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

எண்ணிக்கை என்று சொன்னதால் முதல் நாளுக்குத் திரும்ப வேண்டும்.

சங்கு ஊதிக் கூட்டம் சேர்ந்தபோது, வருகிறவர்களின் பெயரைக் கேட்டு நடந்தவன் பிக்கி. பெயர்களை எழுதி வைக்க வேண்டும், பட்டியல் வேண்டும் என்ற நச்சரிப்பு அவனுடையது. ஆனால் அவன் பெயரை யாரும் கேட்கவில்லை. முதல் சந்திப்பிலேயே, ரால்ஃப் தன் பெயரைக் கேட்பான் என்று காத்திருந்தான். ரால்ஃப் கேட்கவில்லை. பள்ளியில் தன்னைப் பன்றிக்குட்டி என்று கூப்பிட்டதை ரகசியமாகச் சொல்லி, வெளியே சொல்லாதே என்று கெஞ்சினான். ரால்ஃப் அதை முழுச் சபையின் முன் போட்டு உடைத்தான். சபை வயிறு குலுங்கச் சிரித்தது. தீவின் முதல் ஒற்றுமை அந்தச் சிரிப்பில்தான் பிறந்தது. நாவல் முடியும்வரை அவனுடைய உண்மைப் பெயர் நமக்கும் தெரியாது. (கோல்டிங்கும் அவனுக்கு ஒரு அநியாயம் செய்தார். தீவில் நெருப்பு மூட்டுவது பிக்கியின் மூக்குக்கண்ணாடியை வைத்துத்தான். ஆனால் கிட்டப்பார்வைக் கண்ணாடி குழிவில்லை. அதைக் கொண்டு வெயிலைக் குவித்து நெருப்பு மூட்ட முடியாது. இந்தப் பிழையைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படாத இயற்பியல் வாத்தியார் உலகத்தில் இல்லை.)

அன்றே இரண்டாவது கூட்டம். ஆறு வயதிருக்கும் ஒரு பொடியன், முகத்தின் ஒரு பக்கம் முழுக்கச் செந்நீல மச்சம், மற்ற பொடியன்கள் முன்னால் தள்ளிவிட வந்து நிற்கிறான். சங்கை வாங்கத் தயங்குகிறான். அழுகை முட்டுகிறது. அவன் வாயிலிருந்து முணுமுணுப்பாக வருவதை பிக்கி மண்டியிட்டுக் கேட்டுச் சபைக்குச் சொல்கிறான். காட்டில் பாம்பு மாதிரி ஏதோ ஒன்று இருக்கிறதாம், அதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறானாம். சபையில் சிரிப்பு. அந்த அரசாங்கத்திடம் ஒரு குடிமகன் கொடுத்த முதல் மனு அது.

அப்புறம் நெருப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் மொத்தக் கூட்டமும் மலைக்கு ஓடுகிறது. தலைவனும் ஓடுகிறான். திட்டமில்லை, காவலில்லை. உச்சியில் பிக்கி சங்கைப் பிடித்துக்கொண்டு பேச முயலும்போது, மலைமேல் சங்கு செல்லாது என்கிறான் ஜாக். அந்தக் கணமே அதை வெட்டிப் பேச வேண்டிய தலைவன் அப்போது வெட்டிப் பேசவில்லை. நெருப்பு காட்டுக்குள் இறங்கிப் பரவுகிறது. பொடியன்கள் எத்தனை பேர் என்று எண்ணினாயா என்று ரால்ஃப் பிக்கியின் மேல் பாய்கிறான். எப்படி எண்ணுவது, எல்லோரும் பூச்சி மாதிரி ஓடிக்கொண்டிருந்தார்கள், யாரும் உதவிக்கு வரவில்லை என்கிறான் பிக்கி. அப்புறம் மூச்சுத் திணறலுக்கு நடுவே கேட்கிறான்: மச்சம் உள்ள அந்தப் பையன் எங்கே? அவனைக் காணவில்லையே?

பதில் இல்லை. ரால்ஃப் ஏதோ முனகுகிறான். மனு கொடுத்தவன் மனு கொடுத்த நாளிலேயே செத்தான். அப்போது ஜாக் முகத்தில் வர்ணம் பூசவில்லை. பன்றி ஒன்றும் சாகவில்லை. ரால்ஃப்தான் தலைவன், சங்கு முழுசாக இருந்தது, ஓட்டுப்பெட்டி சூடு ஆறவில்லை. தீவின் முதல் மரணம் ஜனநாயகத்தின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத நோட்டு இல்லை. அதன்பின் எத்தனையோ சபைகள் கூடின. அந்தப் பையனைப் பற்றி விசாரிக்க ஒரு சபையும் கூடவில்லை.

எனக்கு இந்த நாவலின் நடு முதுகெலும்பு இதுதான். பூதத்துக்குப் படையலாக நட்ட பன்றித் தலையில் ஈக்கள் மொய்ப்பதைப் பார்த்து எல்லோரும் நடுங்குகிறார்கள். நான் நடுங்குவது, ஒரு குழந்தை காணாமல் போனபின் கூட்டம் வேறு விஷயத்துக்குப் போகிற அந்த இடத்தில்.

கடைசிக் காட்சி. ரால்ஃபைப் புகையில் விரட்டிப் பிடிக்க ஜாக்கின் ஆட்கள் தீவுக்கே தீ வைத்துவிட்டார்கள். அத்தனை நாளும் கப்பலை அழைக்க ரால்ஃப் பாடுபட்ட நெருப்பு ஒரு கப்பலையும் கொண்டுவரவில்லை. கொல்ல வைத்த தீ கொண்டுவந்தது. வெள்ளைச் சீருடையில் கடற்படை அதிகாரி மணலில் நிற்கிறார். அவரும் ஒரு மனித வேட்டைக்கு நடுவில் வந்திருப்பவர்தான், பின்னால் போர்க்கப்பல் காத்திருக்கிறது. ஆங்கிலப் பையன்கள் இன்னும் கொஞ்சம் ஒழுங்காக இருந்திருக்கலாமே என்று வருத்தப்படுகிறார். ஜாக்கும் முதல் நாள் இதே பாடத்தைத்தான் ஒப்பித்தான்.

இங்கே யார் தலைவன் என்று அதிகாரி கேட்கிறார். நான்தான் என்று ரால்ஃப் உரக்கச் சொல்கிறான். கிழிந்த கருப்புத் தொப்பியின் மிச்சமும், இடுப்பில் உடைந்த கண்ணாடியின் மிச்சமுமாக ஒரு சிறு பையன் முன்னால் வர எத்தனித்து, மனம் மாறி நின்றுவிடுகிறான். அதுதான் ஜாக். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்கிறார். ரால்ஃபுக்குத் தெரியவில்லை.

அதற்குச் சற்று முன்னால் இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தார், யாரும் செத்துப்போகவில்லையே என்று. இரண்டே பேர் என்றான் ரால்ஃப்.

மூன்று பேர்.